பரிதிவாணர் சொல்லாத குறை

நீர் நிறைக. நெல் விளைக. நெறி நிற்க.

நாரைக்கொடி உயர்த்திய மருதவரை நாட்டின் பதினோராம் அரியணைக்கு உரியவளும், மேலைமலை தொட்டுக் கீழைக்கடல் வரையுள்ள பன்னிரு கோட்டங்களைக் காக்கும் கடமை பூண்டவளும், விண்ணடைந்த பெருநற்கிழார் மாமன்னரின் மூத்த மகளுமாகிய அல்லியங்கோதை மாதேவி, ஏழ்வாயில் மாநகரின் பெருமண்டபத்திலிருந்து எழுதுவிக்கும் திருமுகம்.

இதைக் கைக்கொள்பவர், முத்துறை மண்டலத்தின் கலத்துறை அமைச்சரும், ஆறு அவைகளை ஆண்டு முடித்தவரும், அரசவை மூத்தோரும், குறைகாணாக் கொற்றவரும், குடிகளின் கண்மணியும், மூன்று தலைமுறைக்கு ஒருமுறை மட்டுமே தோன்றும் மதிவல்லவருமான தாழையூர்ப் பரிதிவாணர்.

இப்பட்டங்களுள் முதல் மூன்றும் இவ்வரசு உமக்குத் தந்தவை. மற்றவை சென்ற திங்கள் வந்த உமது ஓலையில் நீரே உமக்குச் சூட்டிக்கொண்டவை. அவற்றை எழுத எம் ஓலைநாயகம் சற்றுத் தயங்கினார். ஒன்றையும் விடாமல் எழுதும்படி யாமே பணித்தோம்.

முத்துறை மண்டலத்தின் கலங்கள் கரை சேர்க. அதன் வலைஞரும் உமணரும் முத்துக்குளிப்போரும் தத்தம் வீடு திரும்புக. கழிமுகத்து ஊர்கள் ஒன்பதின் நலத்தையும் கேட்கிறோம். உமது நலத்தைக் கேட்கவில்லை. நாட்டில் யார் நலம் குன்றினாலும் உமது நலம் குன்றியதாக முப்பத்திரண்டு ஆண்டுகளில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பேரமைச்சர் ஓய்வு பெற்றதால் வெறுமையான முதல் இருக்கையை உமக்குத் தரவேண்டும் என்று நீர் விண்ணப்பித்திருக்கிறீர். அதற்குச் சான்றாக உமது அரசியல் வாழ்வை நாற்பத்தாறு ஏட்டில் எழுதி, பட்டுக்கயிறு கோத்து, சந்தனப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறீர். முழுதும் படித்தோம். ஒரு முறை அல்ல, இரண்டு முறை படித்தோம். இரண்டாம் முறை படிக்கையில் சினம் மூண்டது. அதை ஒளிக்க வேண்டிய தேவை எமக்கில்லை.

இவ்வோலையின் படிகள் பன்னிரு கோட்டத்து மன்றங்களிலும் உரக்கப் படிக்கப்படும். ஆகவே உமக்குத் தெரிந்ததையும் குடிகளுக்காகச் சொல்கிறோம். குடவோலையில் ஊரார் தேர்ந்தெடுத்தவர் ஒருவரை அரசு அமைச்சராக்கும். ஓர் அவையை ஆண்டு முடித்து வேறோர் அவைக்குப் போகும் நாளில் அவ்வமைச்சர் பெருமண்டபத்தில் வெறுங்காலோடு நின்று, தாம் விட்டுப்போகும் அவையில் என்னென்ன பழுது, எது உடையும் நிலையில் உள்ளது, எதைத் தாம் செய்யத் தவறினார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதுவே குறையுரை. புதிதாக வருபவர் இருட்டில் தடவாதிருக்க எம் முன்னோர் வைத்த ஏற்பாடு இது. குறை சொன்னவருக்குத் தண்டம் இல்லை. குறையே இல்லை என்று சொல்லி, அரசு அதைக் கேட்டு முத்திரை இட்டுவிட்டால், அடுத்த ஓராண்டுக்குள் அங்கே எது கெட்டாலும் அவ்விடத்துக் காவலரின் கவனக்குறைவால் கெட்டதாகவே கொள்ளப்படும். நல்ல நிலையில் ஒப்படைத்த ஒன்று தானாகக் கெடாது என்பது சட்டத்தின் எண்ணம். சட்டம் எழுதியவர்கள் உம்மைப் பார்த்ததில்லை.

உமது நாற்பத்தாறு ஏட்டிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி, யாதொரு குறையும் இலது என்பது. ஐந்து அவைகளை விட்டு நீங்கியபோது ஐந்து முறை அதையே சொன்னீர். நாட்டில் வேறெவரும் இரண்டு முறைக்கு மேல் சொன்னதில்லை என்று பெருமையும் பேசியிருக்கிறீர். ஆறு அவைகளை ஆண்டவர் ஐந்து முறை மட்டும் சொன்னது எப்படி என்று எண்ணிப் பார்த்தோம். உப்பவையைப் பற்றி உமது ஏட்டில் அரை வரிதான் இருக்கிறது. அதை யாம் நிரப்புகிறோம்.

உமக்கு அப்போது இருபத்தொன்பது வயது. தாழையூர்க் குடவோலையில் வென்று வந்த புதியவர். உப்பவையை இரண்டாண்டு ஆண்டு நீங்கியபோது, அதே மண்டபத்தில் நின்று பதினொரு குறைகளைச் சொன்னீர். உப்பளத்துப் பெண்களின் காற்புண்ணுக்கு மருந்து இல்லை என்றீர். பாத்திகளுக்கு வரும் ஓடை தூர்ந்தது என்றீர். அதைத் தூர்க்கச் செய்தவர் அரசரின் மைத்துனர் என்றும் சொன்னீர். எமக்கு அப்போது பதினான்கு வயது. தூணருகே நின்று கேட்டோம். இப்படி ஒருவர் பேச முடியுமா என்று வியந்தோம். எம் தந்தையார் முகம் கறுத்து எழுந்து உள்ளே போனார். குறை சொன்னவருக்குத் தண்டம் இல்லை என்பதால் உம்மைத் தண்டிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் எந்த இருக்கையும் தராமல் தாழையூரில் சும்மா உட்கார வைத்தார். அது அநீதி. அதைச் செய்தவர் எம் தந்தையார் என்பதற்காகச் சொல்லாமல் விடமாட்டோம்.

ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் நீர் கற்றுக்கொண்டதுதான் எம்மைச் சுடுகிறது. உண்மை சொன்னதால் தண்டிக்கப்பட்ட ஒருவர், உண்மை சொல்லும் மற்றவர்களுக்காக நின்றிருக்கலாம். நீரோ மறுபடி அழைக்கப்பட்டதும், இனி என் வாயிலிருந்து குறை என்ற சொல்லே வராது என்று உறுதி பூண்டுகொண்டு வந்தீர். பெருவழியவையை நீங்கியபோது குறை இல்லை என்றீர். நாற்பது நாளில் நொச்சியாற்று மரப்பாலம் ஒரு திருமண வண்டியோடு சரிந்தது. பழி பாலக்காவலர் மேல் விழுந்தது. களஞ்சியவையை நீங்கியபோதும் குறை இல்லை என்றீர். வடகோட்டத்துக் குதிர்களைத் திறந்தபோது நெல்லுக்குப் பதில் அந்துப்பூச்சி பறந்து வந்தது. நீர் அதற்குள் குதிரையவைக்கு மாறிப் புதிய மாலையோடு நின்றீர். இடிவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொரு வீட்டையும் காலி செய்வதில் உமக்கு இணை யாரும் இல்லை.

எம் தந்தையார் மறைந்தபோது சிற்றப்பனார் அரியணை கேட்டார். பதினெட்டு நாள் அரண்மனை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்தப் பதினெட்டு நாளும் உமக்குக் கடுங்காய்ச்சல். பத்தொன்பதாம் நாள் காலை யாம் வென்றோம் என்று முரசு அறைந்தவுடன் காய்ச்சல் இறங்கி, கையில் செங்கழுநீர் மாலையோடு எமது வாயிலில் முதல் ஆளாக நின்றீர். அன்று மகிழ்ந்தோம். பூக்கட்டும் பெண் ஒருத்தி பின்னாளில் சொல்லித்தான், நீர் அன்று இரண்டு மாலை கட்டச் சொன்னீர் என்பதும், மற்றொன்று சிற்றப்பனார் அளவுக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது என்பதும் தெரியவந்தது. அதையும் சிரித்துக்கொண்டு பொறுத்தோம். அரசியலில் இருப்பவர்கள் காற்று பார்ப்பது வழக்கம்தான் என்று எமக்கு யாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். குதிரையவைக்குப் பின் பிணியாளரைப் பேணும் ஆதுலர் சாலைகளையும் ஏரியவையையும் யாமே அடுத்தடுத்து உமக்குத் தந்தோம். அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் கூவிளத்தார்.

கூவிளப் பேரேரியைப் பற்றி உமது ஏட்டில் ஏழு ஏடுகள் இருக்கின்றன. கரையில் நீர் நட்ட மகிழ மரங்கள், மதகுக்கல்லில் பொறித்த உமது பெயர், திறப்பு நாளில் பாடிய பாணர் இருபது பேர் என எல்லாம் இருக்கிறது. கொற்றியின் பெயர் மட்டும் இல்லை. ஆகவே அவளையும் குடிகளுக்கு அறிமுகம் செய்கிறோம்.

கொற்றி கூவிளப் பேரேரியின் நடுமதகுக் காவலர். ஐந்து தலைமுறையாக அக்கரையைக் காக்கும் வீட்டில் பிறந்தவள். வயது நாற்பத்து மூன்று. எழுத்து கற்றவள், அதிகம் பேசாதவள். சென்ற பங்குனியில் நடுமதகின் கீழ்ப்புறம் மண் ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். கரை வியர்க்கிறது என்பது அவர்கள் பேச்சு. வியர்வை ஊற்றினாலா, ஏரி நீர் கசிவதாலா என்று அறிய அவர்களிடம் ஒரு முறை உண்டு. மதகின் வாயருகே ஏரிக்குள் மஞ்சளைக் கரைத்துவிட்டு, மறுபுறம் ஒரு வெள்ளைத்துணியை ஈரமண்ணில் விரித்து வைத்துக் காத்திருப்பார்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் அச்சமில்லை. மஞ்சள் ஏறினால் கரைக்குள் வழி விழுந்துவிட்டது. கொற்றி விரித்த துணியில் ஒரு பகற்பொழுதுக்குள் மஞ்சள் ஏறியது.

அவள் உமக்கு ஓலை எழுதினாள். அந்த ஓலை இப்போது எம் முன்னே இருக்கிறது. அதன் அடியில் உமது கையெழுத்தில், பருவம் கழியட்டும் என்று இருக்கிறது. இரண்டு திங்கள் கழித்து அவள் மறுபடி எழுதினாள். ஈரம் இப்போது ஒரு முழம் அகலம், மழைக்கு முன் மதகுக்கல்லைப் பெயர்த்துக் களிமண் இடிக்கவேண்டும், ஐம்பது ஆள் போதும் என்றாள். அதன் அடியிலும் உமது கையெழுத்துத்தான். அடுத்து வருபவர் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறீர். அதாவது, கலத்துறை உமக்குக் கிடைக்கப்போகிறது என்று எமக்குத் தெரிவதற்கு முன்பே உமக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் முறை, அந்த மஞ்சள் ஏறிய துணியையே மடித்து, அதன் மேல் முடிச்சிட்ட ஓலையை வைத்து அனுப்பினாள். கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று நினைத்திருக்கிறாள். ஓலையின் முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. துணி மட்டும் அதனோடு இல்லை. அது எங்கே போயிற்று என்று ஏரியவைக் கணக்கரை அழைத்துக் கேட்டோம். அவர் தலைகுனிந்து, பேரேரிக் கரையிலிருந்து மங்கல மஞ்சளாடை வந்திருக்கிறது, பதவி மாறும் வேளைக்கு நல்ல குறி என்று அமைச்சர் மகிழ்ந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டார் என்றார்.

யாமும் அதைப் பார்த்திருக்கிறோம். ஆவணித் திங்கள் இரண்டாம் நாள், பெருமண்டபத்தில் ஏரியவைக்கான குறையுரை சொல்ல நீர் நின்றபோது உமது இடத்தோளில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது. ஓரமெல்லாம் திட்டுத் திட்டாக நிறம் ஏறியிருந்தது. ஏழைக் குடிகள் அன்போடு தந்த ஆடையைக்கூட அணிந்து வரும் எளிமை என்று எம் தங்கையிடம் சொன்னோம். கூவிளத்தின் கரை உடையப்போகிறது என்பதற்கான சான்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுமண்டபத்தில் நின்று, வாய் கூசாமல், யாதொரு குறையும் இலது என்றீர். யாம் முத்திரை இட்டோம். அன்றே கலத்துறையையும் தந்தோம்.

ஐப்பசி ஒன்பதாம் நாள் நண்பகலில் நடுமதகு பெயர்ந்தது. மூன்று நாள் மழையிலும் கொற்றி கரையை விட்டு இறங்கவில்லை. மற்ற மதகுகள் நான்கையும் தானே திறந்துவிட்டாள். பறையறைந்து, கரைக்குக் கீழே இருக்கும் கீழூராரை மேட்டுக்கு ஏற்றினாள். மேட்டுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். வராமற்போனவர்கள் பதினேழு பேர். அவர்களுள் கொற்றியின் தமக்கையும் ஒருத்தி. கால் நடவாத மாமியாரைத் தூக்கிவரத் திரும்பிப் போனவள் அவள்.

அதன் பிறகு நடந்தது எம் வாழ்நாளின் பெரும் தலைகுனிவு. குறையுரையில் குறை இல்லை. அரச முத்திரை இருக்கிறது. ஓராண்டு கழியவில்லை. ஆகவே பழி காவலருக்கு. கொற்றிக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை என்றும், அவள் வழியினர் இனி எக்கரையிலும் காவல் நிற்கக்கூடாது என்றும் நீதியவை தீர்ப்பு எழுதியது. அந்தத் தீர்ப்பிலும் யாமே முத்திரை இட்டோம். அவள் மண்டபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குறையுரைக்கு மாறாகக் காவலர் பேசுவது செல்லாது என்று நீதியவைத் தலைவர் தடுத்தார். யாமும் தடுக்க விட்டோம்.

கார்த்திகையில், கீழூரிலிருந்து முந்நூறு பேர் நடந்து வந்து அரண்மனை வாயிலில் உட்கார்ந்தார்கள். எங்களைக் காப்பாற்றியவளைச் சிறையில் வைத்துவிட்டு எங்களுக்கு நிவாரண நெல் எதற்கு என்று கேட்டு, மூட்டைகளை அவிழ்க்காமலே திருப்பித் தந்தார்கள். யாம் மனம் இளகி, கொற்றிக்கு மன்னிப்பு வழங்குவதாகச் சொல்லிச் சிறைக்கோட்டத்துக்கு நேரில் சென்றோம். அவள் எழுந்து வணங்கினாள். மன்னிப்பு ஓலையை வாங்க மறுத்தாள். அவள் சொன்னதை அவள் ஊர்ப்பேச்சு மாறாமல் எழுதும்படி ஓலைநாயகத்துக்குச் சொல்லியிருக்கிறோம்.

"குத்தம் பண்ணவங்களுக்குத்தானே தாயே மன்னிப்பு. இத வாங்கிட்டேன்னா நான்தான் பண்ணேன்னு ஆயிரும். நான் வெளிய வந்துருவேன், சரி. எம் மக எந்தக் கரையில போய் நிப்பா? பதினேழு பேரு எங்கையால செத்தாங்கன்னு எழுதுனது எழுதுனபடியே கெடக்கும்ல. பன்னெண்டு வருசம்தானே. இருந்துட்டுப் போறேன்."

பிறகுதான் மஞ்சளைப் பற்றிச் சொன்னாள். மூன்று ஓலை அனுப்பினேன், அவையாவது வந்து சேர்ந்தனவா என்று கேட்டாள். அதைச் சினமில்லாமல் கேட்டாள். அவளுக்கு இல்லாத சினம் முழுவதும் எம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. திரும்பிய கையோடு ஏரியவையின் ஏட்டறையைத் திறக்கச் செய்தோம். மூன்றும் இருந்தன.

இந்நிலையில்தான் உமது சந்தனப் பெட்டி வந்தது. கூவிளத்துக் கரை உடைந்த செய்தியையும் அதில் சேர்த்திருக்கிறீர். எனக்குப் பின் வந்தோர் காலத்தில் நேர்ந்த துயரம் என்று எழுதி, அதற்காகக் கண்ணீர் வடித்ததாகவும், காவலரின் கவனக்குறைவைத் தண்டித்த அரசின் உறுதியைப் போற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர். பரிதிவாணரே, இந்த வரியை எழுதியபோது உமக்குக் கொஞ்சமாவது உறுத்தியதா? உமது கையெழுத்து உமக்கு மறந்துபோயிற்றா? பதினேழு பேரை நீர் வெள்ளத்தில் தள்ளவில்லை. ஐம்பது ஆளை அனுப்பாமல் விட்டீர். அனுப்ப மனமில்லையென்றால், வெறுங்காலோடு நின்ற அன்று, நடுமதகு கசிகிறது என்று இரண்டு சொல்லாவது சொல்லியிருக்கலாம். அடுத்து வந்தவர் மறுநாளே ஆள் அனுப்பியிருப்பார். அந்த இரண்டு சொல் உமது ஐந்தாம் வெற்றியைக் கெடுத்துவிடும் என்று கணித்தீர்.

இங்கே எம் பங்கையும் சொல்லிவிடுகிறோம். உம்மைத் திட்டி எம்மைத் தப்பவைக்கும் எண்ணம் எமக்கில்லை. எம் தந்தையார் குறையைக் கேட்டு முகம் கறுத்தார். யாம் முகம் கறுக்கவில்லை. குறை இல்லை என்பவரைப் பார்த்து முகம் மலர்ந்தோம். விளைவு ஒன்றுதான். உமக்கு முன் ஆதுலர் சாலைகளை ஆண்ட ஓர் அம்மையார் நீங்கும்போது பத்தொன்பது குறை சொன்னார். பத்தொன்பதையும் பொறுமையாகக் கேட்டு, பிறகு அவருக்கு எந்த இருக்கையும் தராமல் மறந்தோம். அதே இருக்கையை உமக்குத் தந்தோம். நீர் நீங்கும்போது குறையே இல்லை என்றதும், பத்தொன்பதையும் நீர் சரிசெய்துவிட்டதாக நம்பினோம். இனிப்பாக இருந்ததால் நம்பினோம். குடிகளின் காதில் இது விழவேண்டும். எம் அரியணை உம்மை இந்த வழியில் வளர்த்தது.

இனி ஆணை.

முதல் இருக்கை உமக்கு இல்லை. அது குறித்து மேற்கொண்டு ஓலையோ, பரிந்துரையோ, உறவினர் தூதோ எம் வாயிலுக்கு வரவேண்டாம். சந்தனப் பெட்டி இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.

தை முதல் நாள் காலை பெருமண்டபம் கூடும். பன்னிரு கோட்டத்தாரும் கூவிளத்தாரும் அங்கே இருப்பார்கள். நீர் வெறுங்காலோடு வந்து நின்று, ஏரியவையின் குறையுரையைத் திருத்திச் சொல்ல வேண்டும். பாலத்தையும் குதிர்களையும் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால் காவலர்கள் மேலுள்ள பழி நீங்கும். அது உம்மேல் வரும். கொற்றிக்குரிய பன்னிரண்டு ஆண்டும் உமக்குரியதாகும். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, அதை உமக்காக நெகிழ்த்தமாட்டோம்.

இவ்வோலையோடு வீரர் எவரையும் அனுப்பவில்லை. விலங்கும் அனுப்பவில்லை. உம் மீதுள்ள நல்லெண்ணத்தால் அல்ல. வற்புறுத்திச் சொல்லவைத்த குறையுரை செல்லாது என்பதும் அதே சட்டம். ஆகவே நீராகவே வரவேண்டும். உமது துறையில் கலங்கள் நிறைய நிற்கின்றன. எந்தக் காற்று எந்த நாட்டுக்கு அடிக்கும் என்பதும் உமக்குத் தெரியும். ஏறிப் போக விரும்பினால் யாரும் தடுக்கமாட்டார்கள். கலத்துறைக் காவலருக்கு அப்படியே எழுதியிருக்கிறோம்.

நீர் வராமற்போனால் கொற்றி உள்ளேயே இருப்பாள் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டத்தின் கடைசி ஏட்டை உமது நாற்பத்தாறு ஏட்டுக்கிடையே புரட்ட நேரம் கிடைத்திருக்காது. சொன்னவர் திருத்த மறுத்தால், அதைக் கேட்டு முத்திரை இட்டவர் அதே இடத்தில் நின்று திருத்தலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. திருத்தியவருக்கே தண்டம் என்றும் எழுதியிருக்கிறது. அரசருக்கு இது பொருந்தாது என்று அதில் எங்கும் இல்லை. நீதியவைத் தலைவர் மூன்று நாள் தேடியும் அப்படி ஒரு வரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எம் இடத்தில் நின்று பன்னிரண்டு ஆண்டு நாடு காக்க எம் தங்கை நறுவீ மாதேவி இசைந்திருக்கிறாள். அழுதுகொண்டுதான் இசைந்தாள். எமது பாயும் செம்பும் நேற்றே சிறைக்கோட்டத்துக்குப் போய்விட்டன. இதை மிரட்டல் என்று நீர் எண்ணினால், முப்பத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தில் எல்லாரையும் உம்மைப்போலவே எண்ணுகிறீர் என்று பொருள்.

எம் சொல்லை ஏட்டில் ஏற்றியவர் ஓலைநாயகம் மாங்குடிச் சேந்தனார். சொல் கூடாமலும் குறையாமலும் இருப்பதற்கு அவரே பொறுப்பு. நாரை முத்திரையை எம் கையால் இட்டோம். மார்கழித் திங்கள் ஆறாம் நாள், அரியணை ஏறிய பதினைந்தாம் ஆண்டு. நீர் நிறைக. நெல் விளைக. இந்த நாட்டில் குறை சொல்பவர்கள் பெருகுக.

தை முதல் நாள் காலை சிறைக்கதவைத் திறந்து கொற்றியை வெளியே அனுப்பும்படியும், அன்று பொழுது சாயும்வரை அக்கதவைப் பூட்டாமல் வைத்திருக்கும்படியும் சிறைக்காவலருக்கு ஆணை போயிருக்கிறது. பூட்டுமுன் ஒருவர் உள்ளே போவார். அது நீரா யாமா என்பதை உம்மிடம் விட்டிருக்கிறோம்.